நீண்ட ஆங்கிலச் சொற்களும் சொல் விளையாட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீளமான ஆங்கிலச் சொற்களைத் திரட்டி மனப்பாடம் செய்வோர் ஒரு ரகம். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளில் ஜெயிப்போர் வேறொரு ரகம். இரண்டு ரகத்தாரும் கேட்கும் கேள்விகள் இங்கே ஒன்றாக இருக்கின்றன. எழுத்துக்கூட்டல் முக்கியமாகும் இடங்களில் ஆங்கில எழுத்துகளின் பெயர்களை இடையில் கோடு போட்டுத் தந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் படிப்பது எளிது.

ஆங்கிலத்தில் மிக நீளமான சொல் எது?

பெரிய அகராதிகளில் இடம்பெற்றவற்றில் 45 எழுத்துகள் கொண்ட நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோப்பிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ்தான் முதலிடத்தில் இருக்கிறது. எரிமலைச் சாம்பலில் உள்ள மிக நுண்ணிய சிலிக்கா துகள்களைச் சுவாசிப்பதால் நுரையீரலுக்கு வரும் நோய் என்று பொருள் சொல்லியிருக்கிறார்கள். எந்த மருத்துவரும் இதை நோயாளியின் சீட்டில் எழுதுவதில்லை. 'சிலிக்கோசிஸ்' என்று எழுதினால் போதும்.

உண்மையில் இந்தச் சொல் மருத்துவமனையில் பிறக்கவில்லை. 1935-இல் அமெரிக்காவின் தேசியப் புதிர்ப்போட்டியாளர் சங்கக் கூட்டத்தில், அதன் தலைவர் எவரெட் ஸ்மித் வேண்டுமென்றே நீளமாகக் கட்டிக் கொடுத்த சொல் இது. பத்திரிகைச் செய்தியில் வந்தது, பிறகு அகராதிக்குள்ளும் நுழைந்துவிட்டது. சொல் விளையாட்டுக்காரர்கள் தங்களுக்காகவே செய்துகொண்ட சொல் என்பதால் அதன் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

டைட்டின் என்ற புரதத்தின் முழு வேதியியல் பெயர் 1,89,819 எழுத்துகள் கொண்டது என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். அது ஒரு சூத்திரத்தை எழுத்தில் விரித்த வடிவம். எந்த அகராதியும் அதைச் சொல்லாக ஏற்கவில்லை.

இவ்வளவு நீளத்தை எப்படி நினைவில் வைப்பது?

உடைத்துத்தான். நியூமோனோ என்றால் நுரையீரல். அல்ட்ரா என்றால் மிகை. மைக்ராஸ்கோப்பிக் என்றால் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மை. சிலிக்கோ, வால்கேனோ ஆகிய இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை. கோனிஸ் என்றால் கிரேக்க மொழியில் தூசு. ஓசிஸ் என்ற பின்னொட்டு நோயைக் குறிக்கும். சந்தி பிரித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஏழு துண்டுகளையும் வரிசையாகச் சொல்லிவிட்டால் 45 எழுத்தும் தானாக வந்துவிடும். எழுத்துக்கூட்டலில் இடறும் இடம் ஒன்றே ஒன்று: தொடக்கத்தில் ஒலிக்காத 'பி'.

சசி தரூர் சொன்ன அந்தச் சொல் என்ன?

ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன். 29 எழுத்துகள். 2018-இல் தம்முடைய புதிய நூலை ட்விட்டரில் அறிவித்தபோது அவர் இதைப் பயன்படுத்த, நாடே அகராதியைப் புரட்டியது. ஒன்றை மதிப்பற்றது என்று ஒதுக்குவது என்பதே இதன் பொருள். நம் வழக்கில் துரும்பாக மதிப்பது. கம்பளிப் பிசிறு, அற்பம், ஒன்றுமின்மை, மயிர் என்ற பொருள் தரும் நான்கு லத்தீன் சொற்களை ஒட்டவைத்து உருவாக்கியது. கவிஞர் வில்லியம் ஷென்ஸ்டோன் 1741-இல் எழுதிய கடிதத்திலேயே இது வந்திருக்கிறது. ஆக, தரூர் புதிதாக எதையும் கிளப்பவில்லை.

சொல் விளையாட்டுக்காரர்களுக்கு இதில் இரண்டு வேடிக்கைகள் உண்டு. இவ்வளவு நீளச் சொல்லில் ஆங்கிலத்தின் மிகச் சாதாரண எழுத்தான 'இ' ஒருமுறைகூட வரவில்லை. 'ஐ' மட்டும் 9 முறை வருகிறது. ஸ்கிராபிள் பெட்டியில் இருக்கும் 'ஐ' கட்டைகளும் சரியாக 9. 'சி' நான்கு வேண்டும், பெட்டியில் இரண்டுதான் உண்டு. எழுத்தில்லாத இரண்டு வெற்றுக் கட்டைகளை வைத்து அதையும் ஈடுகட்டிவிடலாம். கட்டைகள் போதும், பலகைதான் போதாது.

ஆன்ட்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம் என்பதற்கு உண்மையிலேயே பொருள் இருக்கிறதா?

இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசு தரும் அதிகாரபூர்வ அந்தஸ்தை நீக்கக் கூடாது என்ற 19-ஆம் நூற்றாண்டு அரசியல் நிலைப்பாடு. அயர்லாந்தில் அந்த அந்தஸ்தை நீக்கும் சட்டம் 1869-இல் வந்தது. 28 எழுத்துகள். பள்ளிக்கூடங்களில் இதுதான் மிக நீளமான சொல் என்று சொல்லிக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

நீளமான சொற்களைக் கண்டு அஞ்சுவதற்கும் ஒரு நீளமான சொல் உண்டாமே?

ஹிப்போபோட்டோமான்ஸ்ட்ரோசெஸ்குவிப்பெடாலியோஃபோபியா, 36 எழுத்துகள். கேலிக்காகக் கட்டியது, மருத்துவச் சொல் அன்று. அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் 'செஸ்குவிபெடாலியன்' மட்டும் மரியாதையான சொல். 'ஒன்றரை அடி நீளச் சொற்கள்' என்று ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் கிண்டல் செய்ததிலிருந்து வந்தது. நீட்டி முழக்கிப் பேசுபவரையும் அப்படிச் சொல்லலாம்.

இவற்றை ஸ்கிராபிளில் வைக்க முடியுமா?

முடியாது. பலகையில் குறுக்கே 15 கட்டம், நெடுக்கே 15 கட்டம். 15 எழுத்தைத் தாண்டிய சொல்லுக்கு இடமே இல்லை. ஆட்டக்காரர் கையில் ஒரு நேரத்தில் 7 கட்டைகளே இருக்கும் என்பதால், 15 எழுத்துச் சொல் வைக்கவே ஏற்கெனவே பலகையில் 8 எழுத்துகள் சரியான இடங்களில் காத்திருக்க வேண்டும். ஆயுள் முழுவதும் ஆடியும் அப்படி ஒன்றைக் காணாதவர்களே அதிகம்.

15 எழுத்துச் சொற்களில் வியக்க ஏதாவது வேண்டுமானால் 'அன்காப்பிரைட்டபிள்', 'டெர்மடோகிளிஃபிக்ஸ்' இரண்டையும் எழுதிப் பாருங்கள். முன்னது பதிப்புரிமை பெற இயலாதது. பின்னது விரல்ரேகை முதலான தோல் வரிகளைப் பற்றிய படிப்பு. இரண்டிலும் எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராது.

அப்படியானால் எத்தனை எழுத்துச் சொற்களைப் படித்தால் ஆட்டத்தில் பயன்?

ஏழும் எட்டும். கையில் உள்ள 7 கட்டைகளையும் ஒரே வீச்சில் வைத்தால் சொல்லின் புள்ளியோடு 50 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். அமெரிக்கர்கள் அதை 'பிங்கோ' என்பார்கள். பலகையில் கிடக்கும் ஓர் எழுத்தோடு கைக்கட்டைகள் ஏழையும் சேர்த்தால் 8 எழுத்துச் சொல். போட்டிக்குத் தயாராகிறவர்கள் உயிரைக் கொடுத்துப் படிப்பது இந்த இரண்டு நீளங்களைத்தான்.

அதிலும் அபூர்வ எழுத்துகள் கொண்ட சொற்களைத் தேடி ஓட வேண்டாம். ஸ்கிராபிளை 1930-களில் உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டிடக் கலைஞர். பொருளாதார மந்தத்தில் வேலை இழந்திருந்தார். செய்தித்தாள்களின் முதல் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துக் கட்டைகளின் எண்ணிக்கையை முடிவு செய்தார். அதனால்தான் 'இ' 12 கட்டைகள், 'ஏ', 'ஐ' தலா 9, 'கியூ', 'இஸட்', 'ஜே', 'எக்ஸ்' தலா ஒன்றே ஒன்று. உங்கள் கைக்கு அடிக்கடி வரப்போவது ஒற்றைப் புள்ளி எழுத்துகள்தான்.

ரெட்டினா என்ற ஆறெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆர்-இ-டி-ஐ-என்-ஏ. இதோடு 'சி' சேர்ந்தால் சர்ட்டன். 'பி' சேர்ந்தால் பெயின்டர், ரீபெயின்ட், பெர்ட்டெயின். 'ஜி' என்றால் கிரானைட்டும், நன்றி கெட்டவரைக் குறிக்கும் இன்கிரேட்டும். 'எம்' என்றால் மினரட்; ஆடையைக் குறிக்கும் பழைய சொல்லான ரெய்மென்ட்டும் உண்டு. 'எல்' சேர்த்தால் லாட்ரின், ரிலையன்ட். 'டி' என்ற ஒலி இரண்டு எழுத்துகளுக்குப் பொது என்பதால் தெளிவாகச் சொல்கிறேன்: டாக் என்ற சொல்லின் முதல் எழுத்தைச் சேர்த்தால் ட்ரெய்ன்ட், டீட்ரெய்ன். 'எஸ்' மட்டும் சேர்ந்தால் அதிர்ஷ்டம்தான்: ரெட்டினாஸ், ரிட்டெயின்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், ஆன்ட்சியர், கொழுப்புப் பொருளான ஸ்டியரின், கிரேக்க நாட்டு ஒயினான ரெட்சினா. ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு இத்தனை கதவுகளைத் திறக்க முடிகிறது. 45 எழுத்துச் சொல் இதில் எதையும் தராது.

ஒரே சொல்லில் அதிகப் புள்ளி எடுத்தது யார்?

இரண்டு பெயர்கள் அடிக்கடி அடிபடும். 1982-இல் மான்செஸ்டரில் கார்ல் கோஷ்னா 'கசீக்ஸ்' என்ற சொல்லுக்கு 392 புள்ளி எடுத்தார்: சி-ஏ-இஸட்-ஐ-கியூ-யு-இ-எஸ். மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடித் தலைவர்கள் என்று பொருள். 2006-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மைக்கேல் கிரெஸ்டா என்ற தச்சர் 'குவிக்ஸட்ரி' வைத்து 365 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டத்தில் அவர் எடுத்த மொத்தம் 830. நடக்காத இலட்சியங்களின் பின்னால் ஓடும் குணத்தைக் குறிக்கும் சொல் அது. டான் கிஹோட்டே என்ற கதைநாயகனின் பெயரிலிருந்து வந்தது.

365 எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆட்டத்தின் சூட்சுமம் பிடிபடும். கியூ 10, யு 1, ஐ 1, எக்ஸ் 8, ஓ 1, டி 1, ஆர் 1, ஒய் 4, மொத்தம் 27. பலகையின் ஓர வரிசையில் முதல் கட்டமும் எட்டாவது கட்டமும் சொல்லை மும்மடங்காக்கும்; நான்காவது கட்டம் எழுத்தை இரட்டிப்பாக்கும். எட்டெழுத்துச் சொல் முதல் கட்டத்தில் தொடங்கினால் இரண்டு மும்மடங்குக் கட்டங்களிலும் அமரும், நான்காவது எழுத்தான எக்ஸ் இரட்டிப்புக் கட்டத்தில் விழும். 27-உடன் 8 கூட்டினால் 35. மூன்றால் பெருக்கி மறுபடியும் மூன்றால் பெருக்கினால் 315. ஏழு கட்டைகளும் தீர்ந்ததால் 50. ஆக 365.

கோஷ்னாவின் சொல்லுக்கும் இதே கணக்குதான். எழுத்துகளின் கூட்டுத்தொகை 28. ஓர வரிசையின் மறுபாதியில் வைத்தால் ஐந்தாவது எழுத்தான கியூ இரட்டிக்கும். 38-ஐ ஒன்பதால் பெருக்கி 50 கூட்டினால் 392. சொல் தெரிந்திருப்பது பாதி. ஓர வரிசையில் எட்டுக் கட்ட நீளத்துக்குள் ஓர் எழுத்து காத்திருப்பதைக் கண்டுகொள்வது மறுபாதி.

ஆக்சிஃபென்பியூட்டசோன் என்ற மருந்துப் பெயருக்கு ஆயிரக்கணக்கில் புள்ளி கிடைக்குமாமே?

காகிதத்தில் கிடைக்கும். 15 எழுத்துகள் கொண்ட இந்த வீக்கமருந்தின் பெயரை மூன்று மும்மடங்குக் கட்டங்களின் மீதும் ஒரே நேரத்தில் வைத்தால் 1,778 புள்ளி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பலகையை அதற்கென்றே ஒருவர் அமைத்துக் கொடுத்தால் தவிர நடக்காது.

ஆட்டத்தின் முதல் வீச்சிலேயே வைக்கக்கூடிய கனமான சொல்?

மூஷிக்ஸ்: எம்-யு-இஸட்-ஜே-ஐ-கே-எஸ். ரஷ்ய விவசாயிகள். இஸட் இரட்டிப்புக் கட்டத்தில் விழும்படி வைத்தால் 128 புள்ளி.

கியூ வந்து யு வராவிட்டால் என்ன செய்வது?

இந்தியர்களுக்கு இதில் கொஞ்சம் வசதி உண்டு. தலாக், ஃபகீர், வக்ஃப், கவ்வாலி எல்லாமே யு இல்லாமல் கியூவோடு எழுதும் சொற்கள். நாம் செய்தித்தாளில் தினமும் பார்ப்பவை. பாரசீகத்தின் நிலத்தடி நீர்வழியான கனாட், எபிரேய எழுத்தான கோஃப், போதைச் செடியான காட் ஆகியவையும் உண்டு. இவை எல்லாவற்றையும் விடப் பயனுள்ளது இரண்டெழுத்துச் சொல்லான 'சீ': கியூ-ஐ. சீன மரபில் உயிராற்றல் என்று பொருள். அதை மும்மடங்கு எழுத்துக் கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஒரே நேரத்தில் அமைத்தால் இரண்டே எழுத்துச் சொற்களில் 60 புள்ளிக்கு மேல் தேறும். நீளச் சொல் தேடுகிறவர்கள் முதலில் இரண்டெழுத்துச் சொற்களை ஒப்பிக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கை நிறைய உயிரெழுத்து. அல்லது உயிரெழுத்தே இல்லை. அப்போது?

முதல் நிலைக்கு 'இயூவோயி' என்ற ஆறெழுத்து அதிசயம் இருக்கிறது: இ-யு-ஓ-யு-ஏ-இ. இடைக்காலத் தேவாலய இசைக் குறிப்பேடுகளில், ஒரு லத்தீன் துதியின் இறுதிச் சொற்களான 'செக்குலோரம் ஆமென்' என்பதன் உயிரெழுத்துகளை மட்டும் எடுத்து எழுதிய சுருக்கம். இந்தியப் போட்டிகளில் பயன்படும் கொலின்ஸ் சொற்பட்டியலில் செல்லும். ஆடுவதற்கு வசதியானவை அடியூ, ஆடியோ, ஐயோலி போன்ற சிறியவை.

இரண்டாம் நிலைக்கு ரிதம்ஸ் கை கொடுக்கும். ஏழெழுத்து, வழக்கமான ஐந்து உயிரெழுத்துகளில் ஒன்றுகூட இல்லை, 50 புள்ளியும் உண்டு. வெல்ஷ் மொழியிலிருந்து வந்த 'கூம்' என்பது சி-டபிள்யூ-எம். மலையிடுக்கில் கிண்ணம்போல் அமைந்த பள்ளம். எவரெஸ்ட் ஏறுவோர் கடக்கும் வெஸ்டர்ன் கூம் அதுதான்.

ஸிஸிவா, பிஸாஸ் போன்ற இஸட் மயமான சொற்களைப் படிக்கலாமா?

ஸிஸிவா ஒரு தென்னமெரிக்க வண்டின் பெயர். பல அகராதிகளின் கடைசிச் சொல். மூன்று இஸட் வேண்டும். பெட்டியில் ஒன்றே இருப்பதால் வெற்றுக் கட்டைகள் இரண்டையும் அதற்கே செலவழிக்க வேண்டும். தங்கத்தை விற்றுத் தவிடு வாங்கும் வேலை. நான்கு இஸட் கொண்ட பிஸாஸை எப்படி முயன்றாலும் வைக்க முடியாது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் செல்லுமா?

நிறையவே செல்லும். கட்டுமரம் 'கேட்டமரன்' ஆகி 9 எழுத்து. மிளகுத்தண்ணீர் 'முல்லிகட்டானி' ஆகி 12 எழுத்து. சுருட்டு 'செரூட்' ஆனது, வெட்டிவேர் 'வெட்டிவர்' ஆனது. இவை இரண்டும் சரியாக ஏழெழுத்து என்பதால் பிங்கோவுக்கு ஏற்றவை. வெட்டிவரில் பெட்டியிலுள்ள இரண்டு 'வி' கட்டைகளும் ஒரே சொல்லில் தீரும். வி கையில் தேங்கி அவதிப்பட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். அணைக்கட்டு 'அனிகட்' ஆகவும், குருந்தக்கல் 'கொரண்டம்' ஆகவும் உள்ளன. இட்லி, தோசை இரண்டும் கொலின்ஸில் உண்டு.

பப்படத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் ஒன்றல்ல, பல. 'பாப்படம்' என்ற எட்டெழுத்து வடிவத்தில் 'பி' மூன்று வருகிறது. பெட்டியில் இரண்டே உள்ளதால் ஒரு வெற்றுக் கட்டை வேண்டும். ஏழெழுத்து வடிவத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

எந்த அகராதியை நம்புவது?

ஆடும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள். பாதிச் சண்டை குறையும். அமெரிக்காவிலும் கனடாவிலும் தனிப் பட்டியல். இந்தியா, பிரிட்டன் உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளின் போட்டிகளில் கொலின்ஸ் பட்டியல். அதில் சுமார் 2,80,000 சொற்கள். கைபேசியில் ஆடுகிறவர்கள் அமைப்புகளில் எந்தப் பட்டியல் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

பொருள் தெரியாத சொல்லை வைப்பது முறையா?

விதிப்படி முறையே. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு மொழி உலக ஸ்கிராபிள் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சில் பேசத் தெரியாது. 2024-இல் ஸ்பானிஷ் பட்டத்தையும் அப்படியே வென்றார். எதிராளி 'இது சொல்லே இல்லை' என்று ஆட்சேபித்தால் பட்டியலைப் பார்ப்பார்கள், பொருளைக் கேட்க மாட்டார்கள். இருந்தாலும் பொருளோடு படிப்பதே என் பரிந்துரை. 'எஸ்' சேர்க்கலாமா, 'இ-டி' சேர்க்கலாமா என்ற கேள்விக்கு விடை பொருளில்தான் இருக்கிறது. பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று தெரியாதவர் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லும் ஸ்பெல்லிங் பீ போட்டிக்கு நீளமான சொற்கள் உதவுமா?

நீளத்தால் அல்ல, மூலத்தால். 1985-இல் அமெரிக்க தேசியப் போட்டியில் வென்ற பாலு நடராஜன், அப்பட்டத்தை வென்ற முதல் இந்திய வம்சாவளியினர். அவர் வென்ற சொல் 'மில்யூ', வெறும் ஆறு எழுத்து. பிரெஞ்சிலிருந்து வந்தது என்று தெரிந்தவருக்கு அதன் கடைசி மூன்று உயிரெழுத்துகளின் வரிசை புரியும். போட்டியாளர்கள் நடுவரிடம் சொல்லின் மூல மொழியைக் கேட்பது அதற்காகத்தான்.

ஹேங்மேன், பாகிள், வேர்டில் ஆட்டங்களுக்கு?

எழுத்துப் பகடைகளைக் குலுக்கிச் சொல் தேடும் பாகிளில் நீளத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு. நான்கெழுத்துச் சொல்லுக்கு 1 புள்ளி, ஏழெழுத்துக்கு 5, எட்டும் அதற்கு மேலும் 11. வேர்டிலில் ஐந்தெழுத்து மட்டுமே என்பதால் இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அங்கே செல்லாது.

ஒருவர் மனத்தில் வைத்த சொல்லை மற்றவர் எழுத்தெழுத்தாக ஊகிக்கும் ஹேங்மேனில் நீளச் சொல் வைப்பவர்தான் தோற்பார். 28 எழுத்துச் சொல்லில் 'ஏ', 'இ', 'ஐ' என்று எதைச் சொன்னாலும் ஏதாவது ஓர் இடம் நிரம்பிவிடும். பாதி நிரம்பியதும் மீதியை ஊகித்துவிடலாம். 'ஜாஸ்' என்று நான்கெழுத்து வையுங்கள். ஜே-ஏ-இஸட்-இஸட். 'ஏ' கிடைத்த பிறகும் எதிராளி எஸ், டி, ஆர், என், எல் என்று வழக்கமான எழுத்துகளை வரிசையாகச் சொல்லித் தூக்குமேடை ஏறிவிடுவார்.